ஓர் எட்டு

வெள்ளிக்கிழமை வந்த கம்பெனி ஆள்
புது ரூட்டரை மாட்டிவிட்டு
"எதுவும் மாறாது, டாக்டர்" என்று
கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான்.
திங்கட்கிழமை எல்லாம் மாறியிருந்தது.

கிளாக்ஸ்விக்கில் மழை படுத்துக்கொண்டு பெய்யும்.
ஜன்னலுக்கு அப்பால் துறைமுகம் இருப்பது
ஒரு நம்பிக்கைதான்.
நாற்காலியில் துரோண்டுர், இழுவைப்படகின் சமையற்காரர்.
கீழ்த்தாடை, இடப்பக்கம், கடைசிப் பல்.
எங்கள் கணக்கில் முப்பத்தெட்டு:
மூன்றாம் பகுதி, எட்டாம் வீடு.
ஊசி போட்டாயிற்று, பாதி உதடு தூங்கிவிட்டது.
ஆறு மணிக்குப் படகு.
வேர் எந்தப் பக்கம் வளைகிறது என்று சொல்லும்
படம் மட்டும் வரவில்லை.

படங்களின் பெட்டி
கிருமிநீக்கிக்குப் பக்கத்து அலமாரியில்.
பதினோரு வருடத்துப் பற்களை
ஒன்றுக்கு இரண்டாய், இரு வட்டுகளில் வைத்துக்கொண்டு
பச்சை விளக்கைச் சிமிட்டுகிறது.
கை நீட்டினால் தொடலாம்.
கணினியால்தான் எட்ட முடியவில்லை.

அணைத்துப் போட்டுவிட்டாள் எலின்போர், இரண்டு தரம்.
பிறகுதான் எனக்கு உறைத்தது.
ஒன்றாம் தெருவில், ஐம்பதாம் எண்ணில்,
அசையக் கூடாதென்று நானே குடிவைத்த பெட்டி அது.
புது ரூட்டர் தெருவையே மாற்றிவிட்டது.
பிரின்டர், கணினிகள்,
காத்திருப்போர் அறையின் ரேடியோகூட
எண்பத்தெட்டாம் தெருவுக்குக் குடிபோய்விட்டன.
பெட்டிக்கு யாரும் சொல்லவில்லை.

இங்கிருந்து கத்தினால் கேட்காது.
நான்தான் ஓர் எட்டுப் போய்வர வேண்டும்.
மடிக்கணினியின் விலாசத்தைக் கையால் மாற்றினேன்:
ஒன்றாம் தெரு, இருபதாம் எண்.
அடுத்த கட்டம் மாஸ்க்.
முகத்தில் ஒன்று, திரையில் ஒன்று.
இருநூற்று ஐம்பத்தைந்து மூன்று முறை, பிறகு சுழியம்.
அதாவது, தெருவுக்குள் யாரோடும் பேசலாம்,
தெரு தாண்டினால் வாசல் வழிதான்.

கதவு திறந்தது.
பழைய வீட்டில் பழைய கடவுச்சொல்லோடு
காத்திருந்தது போல.
நெட்வொர்க், திருத்து.
பல்லின் எண்ணை எலின்போருக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய்,
தட்டத் தட்ட உரக்கச் சொன்னேன் ஒவ்வோர் எண்ணையும்.
வாசல் கட்டத்தைக் காலியாக விட்டேன்.
ஊரார் பற்களுக்கு வெளியூரில் என்ன வேலை?
சேமி.

வட்டம் சுற்றியது. சுற்றியது.
சுற்றத்தான் செய்யும்,
அனுப்பிவிட்டு நான் பழைய தெருவிலேயே நிற்கிறேன்.
திரும்பி வந்து எண்பத்தெட்டில் தேடினேன்.
இல்லை.
ஒன்றிலும் இல்லை.
பச்சை விளக்கு மட்டும் சிமிட்டுகிறது,
எதிரே இருந்துகொண்டே
எங்கோ போய்விட்ட ஒன்று.

மணி நாலே முக்கால்.
எலின்போர் என்னைப் பார்க்காமல்
தட்டிலிருந்த கருவிகளை நேராக்கினாள்.

"எத்து" என்றது நாற்காலி.
வலிக்கிறதா என்றேன்.
தலையாட்டிவிட்டு இரண்டு விரல் காட்டினார்.
"ரெந்து எத்து. நீ ஒந்நுதான் சொன்னே."

எண்பத்தெட்டில் ஓர் எட்டு விட்டுப்போயிருந்தது.
பெட்டியை எட்டாம் தெருவுக்கு அனுப்பியிருக்கிறேன்,
வேறு ஒரு வீடுகூட இல்லாத தெரு.
மறுபடி என் விலாசத்தை மாற்றி, அங்கும் போய்,
கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன்.
இந்த முறை எண்ணைச் சொன்னது அவர்,
எச்சில் வழிய, ஒவ்வொன்றாக.

படம் வந்தது.
வேர் தூண்டில் முள்ளாய்ப் பின்பக்கம் வளைந்திருந்தது.
தெரியாமல் இழுத்திருந்தால் முறிந்திருக்கும்.
அதற்குள் அவர் உதடு விழித்துக்கொண்டது,
இன்னோர் ஊசி.

ஐந்து நாற்பதுக்குப் பஞ்சைக் கடித்தபடி
மழைக்குள் ஓடினார்.
பெட்டியின் நெற்றியில் புது எண்ணை எழுதி ஒட்டினேன்,
எட்டு இரண்டையும் கொட்டையாக.
இரண்டாவது ஊசியை அவர் பில்லில் சேர்க்கவில்லை.
அது கம்பெனிக்குப் போகும்.